குண்டுவீச்சு விமானியாக இருந்த அப்பாவின் லாக் புத்தகத்தை எப்படிப் படிப்பது?

கேள்வி இது. இங்கிலாந்தில் வசிக்கும் ஒருவரின் தந்தை இரண்டாம் உலகப் போரில் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். கடைசிவரை போரைப் பற்றி வீட்டில் பேசவில்லை. அவர் மறைந்த பிறகு அலமாரியில் கிடைத்தவை: துணி அட்டை போட்ட ஒரு லாக் புத்தகம் (ஒவ்வொரு பறப்பையும் எழுதிவைக்கும் குறிப்பேடு), பெயர் பொறிக்காத நான்கு பதக்கங்கள், விமானத்தின் முன் ஏழு பேர் நிற்கும் ஒரு படம். இவற்றை வைத்து அவர் போரில் என்ன செய்தார் என்று பிள்ளைகளால் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். பெரும்பாலும் இரவு வாரியாகவே முடியும். ஆனால் லாக் புத்தகத்தை மட்டும் படித்தால் ஊர்ப் பெயர்களும் மணிக்கணக்கும்தான் மிஞ்சும். அதிலுள்ள ஒவ்வொரு வரியையும் அவருடைய ஸ்க்வாட்ரனின் (விமானப்படை அணியின்) பதிவேட்டோடும், உடன் பறந்த ஆறு பேரின் பதிவுகளோடும், குண்டு விழுந்த ஊரின் பதிவுகளோடும் சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும். அதற்குத் தேவையான ஆவணங்கள் பெரும்பாலும் இன்றும் இருக்கின்றன.

முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: அவர் உண்மையிலேயே விமானியா? பல குடும்பங்களில் விமானத்தில் பறந்த எல்லோருமே நாளடைவில் ‘விமானி’ ஆகிவிடுகிறார்கள். படத்தில் இடது மார்பைப் பாருங்கள். இரண்டு பக்கமும் சிறகு விரிந்திருந்தால் விமானி. ஒற்றைச் சிறகும் அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் எழுத்தும் இருந்தால் மற்றவர்: ‘என்’ என்றால் வழி கணிக்கும் நாவிகேட்டர், ‘பி’ என்றால் குண்டு இலக்குப் பார்ப்பவர், ‘இ’ என்றால் ஃப்ளைட் இன்ஜினியர், ‘எஸ்’ என்றால் வயர்லெஸ் ஆபரேட்டர், ‘ஏஜி’ என்றால் துப்பாக்கி வீரர். ‘பைலட் ஆபீசர்’ என்பது ஒரு பதவிநிலை மட்டுமே. விமானத்தின் வால்பக்கத் துப்பாக்கிக் கோபுரத்தில் உட்கார்ந்த வீரரும் பைலட் ஆபீசராக இருந்திருக்கலாம். தொப்பியின் முன்பக்கம் வெள்ளைப் பட்டை தெரிந்தால் அந்தப் படம் பயிற்சிக் காலத்தில் எடுத்தது. லாக் புத்தகத்தின் அட்டையும் உதவும். விமானிகளுக்குக் கொடுத்தது படிவம் 414. நாவிகேட்டர், துப்பாக்கி வீரர் முதலானோருக்குப் படிவம் 1767.

விமானியின் லாக் புத்தகத்தில் இடமிருந்து வலமாகத் தேதி, விமானத்தின் வகையும் எண்ணும், முதல் விமானி, இரண்டாம் விமானி அல்லது பயணி, பணி என்று பத்திகள் போகும். அதற்குப் பிறகு வலப்பக்கம் முழுக்க மணிக்கணக்கு. ஒற்றை எஞ்சின், பல எஞ்சின், பகல், இரவு என்று பிரித்துக் கூட்டியிருப்பார்கள். ‘முதல் விமானி’ பத்தியில் ‘செல்ஃப்’ என்று இருந்தால் விமானத்தை ஓட்டியவர் அவரே. வேறு பெயர் இருந்தால் அன்று அவர் பயிற்சியிலோ இன்னொருவரின் பக்கத்திலோ இருந்திருக்கிறார். பகல் பறப்பு கறுப்பு அல்லது நீல மையில், இரவுப் பறப்பு சிவப்பு மையில். பகலில் நடந்த தாக்குதலைப் பல ஸ்க்வாட்ரன்களில் பச்சை மையில் எழுதினார்கள். ஆகவே கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் பாதிச் செய்தி போய்விடும். மாத முடிவில் கணக்கைக் கூட்டி, பிரிவுத் தலைவரும் ஸ்க்வாட்ரன் தலைவரும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அந்தக் கையெழுத்துகளை அலங்காரமாக எண்ணி விட்டுவிடாதீர்கள். தலைவர் பெயர் சட்டென்று மாறுகிற மாதத்தில் முந்தைய தலைவருக்கு என்ன ஆயிற்று என்று தேடினால், அந்த ஸ்க்வாட்ரன் எப்படிப்பட்ட காலத்தைக் கடந்துகொண்டிருந்தது என்று தெரிந்துவிடும்.

பணிப் பத்தியில் வரும் குறிச்சொற்களைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ‘ஆப்ஸ் எசன்’ என்றால் எசன் நகரின்மீது தாக்குதல். ‘டி.சி.ஓ.’ என்றால் பணி முடிந்தது, ‘டி.என்.சி.ஓ.’ என்றால் முடியவில்லை, அதாவது எஞ்சின் கோளாறு, பனிக்கட்டி, ஆக்சிஜன் பழுது என்று ஏதோ ஒன்று பாதியில் திருப்பி அனுப்பியிருக்கிறது. ‘என்.எஃப்.டி.’ என்பது இரவுக்குப் புறப்படுமுன் பகலில் செய்யும் சோதனைப் பறப்பு. அது இருந்து அன்றிரவு ‘ஆப்ஸ்’ இல்லை என்றால், கிளம்பத் தயாரான தாக்குதல் கடைசி நேரத்தில் ரத்தாகியிருக்கலாம். ‘புல்ஸ்ஐ’ என்பது பிரிட்டனுக்கு மேலேயே நடந்த இரவுப் பயிற்சி. ‘நிக்கல்’ என்பது துண்டுப் பிரசுரம் போடுவது. ‘கார்டனிங்’ என்றால் தோட்ட வேலை இல்லை, கடலில் கண்ணிவெடி இடுவது. ஒவ்வொரு கடற்பகுதிக்கும் செடி, காய், பூப் பெயர்கள் வைத்திருந்தார்கள்: ‘நெக்டரீன்’ என்றால் ஃப்ரீசியத் தீவுகள், ‘ஃபர்கெட்-மீ-நாட்’ என்றால் கீல், ‘ரோஸ்மேரி’ என்றால் ஹெலிகோலாந்து, ‘டியோடர்’ என்றால் ஜிராந்து ஆற்றின் முகத்துவாரம். 1945 ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் ‘மேனா’ என்று இருந்தால் பட்டினியில் கிடந்த நெதர்லாந்து மக்களுக்கு உணவு மூட்டைகள் போட்டிருக்கிறார். ‘எக்ஸோடஸ்’ என்றால் விடுதலையான போர்க்கைதிகளை நாட்டுக்கு அழைத்து வந்தது. ‘டாட்ஜ்’ என்றால் இத்தாலியிலிருந்து சிப்பாய்களை ஏற்றி வந்தது. ‘குக்ஸ் டூர்’ என்பது போர் முடிந்தபின் தரைப்பணியாளர்களை ஏற்றிக்கொண்டு இடிந்து கிடந்த ஜெர்மன் நகரங்களைத் தாழப் பறந்து காட்டியது. தன் குண்டுகள் என்ன செய்தன என்பதைப் பகல் வெளிச்சத்தில் பல விமானிகள் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். வீட்டில் பேசாமல் இருந்ததற்கான காரணத்தைத் தேடுகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போகக் கூடாது.

புத்தகத்தின் முன்பாதி பயிற்சி. டைகர் மாத் போன்ற சிறு விமானத்தில் தொடக்கப் பள்ளி. பிறகு பலருக்குக் கனடா, ரொடீசியா, தென்னாப்பிரிக்கா, அமெரிக்கா. பிறகு பிரிட்டனுக்குத் திரும்பி வந்து மேகமும் இருட்டடிப்பும் நிறைந்த வானத்துக்குப் பழகுதல். அதற்கு அடுத்தது ஓ.டி.யூ. எனப்படும் செயற்பாட்டுப் பயிற்சிப் பிரிவு. ஓ.டி.யூ.வில்தான் வெலிங்டன் போன்ற விமானங்களில் குழு சேரும். பெரும்பாலும் மேலிருந்து யாரும் பிரித்துத் தரவில்லை. விமானிகளையும் நாவிகேட்டர்களையும் மற்றவர்களையும் ஒரு கொட்டகையில் விட்டு, நீங்களே சேர்ந்துகொள்ளுங்கள் என்றார்கள். ஃப்ளைட் இன்ஜினியர் அங்கே இருக்கமாட்டார். ஸ்டெர்லிங் அல்லது ஹாலிஃபாக்ஸ் ஓட்டக் கற்கும் கனரக மாற்றுப் பயிற்சிப் பிரிவில்தான் வந்து சேர்வார். அதனால் ஓ.டி.யூ. பக்கங்களில் ஐந்து ஆறு பெயர்களே இருந்தால் ஏதோ விட்டுப்போயிற்று என்று நினைக்க வேண்டாம். இந்தப் பயிற்சிப் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடுவதும் சரியல்ல. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் பயிற்சியின்போதே இறந்தவர்கள் 5,000க்கும் மேல்.

ஸ்க்வாட்ரனில் சேர்ந்ததும் வரும் முதல் ‘ஆப்ஸ்’ வரியில் அவர் பெயர் இரண்டாம் விமானிப் பத்தியில் இருக்கும். புது விமானியை அனுபவமுள்ள வேறொரு குழுவோடு ஒன்றிரண்டு முறை அனுப்பிப் பார்க்கச் செய்வார்கள். பேச்சுவழக்கில் ‘செகண்ட் டிக்கி’. இதனால் விமானியின் எண்ணிக்கை அவர் குழுவினரின் எண்ணிக்கையைவிட ஒன்றிரண்டு கூடுதலாக இருக்கும். அந்த ஒரு பயணத்தில் விமானி திரும்பாமல் போய், அவர் குழு தலையில்லாமல் நின்று, மறுபடி பயிற்சிக்கு அனுப்பப்பட்டதும் உண்டு. முதல் சுற்று பொதுவாக 30 தாக்குதல்கள். முடிந்தால் ஆறு மாதமாவது ஓய்வு, அதாவது பயிற்சியாளர் வேலை. பிறகு வேண்டுமானால் 20 கொண்ட இரண்டாம் சுற்று. முன்னால் போய் இலக்கை வண்ண விளக்குகளால் குறித்த பாத்ஃபைண்டர் படையில் ஒரே மூச்சாக 45. 1944 வசந்த காலத்து வரிகளில் ‘மூன்றில் ஒன்று’ என்ற பின்னக் கணக்கைக் கண்டால் திகைக்க வேண்டாம். பிரான்ஸ் இலக்குகள் எளிது என்று கருதி, ஒரு பயணத்தை மூன்றில் ஒரு தாக்குதலாக மட்டும் கணக்கிட்டார்கள். மே 3/4 இரவு பிரான்ஸின் மையி-லெ-காம் முகாமைத் தாக்கப்போய் 42 லங்காஸ்டர்கள் விழுந்தபின் அந்தக் கணக்கு கைவிடப்பட்டது. எனவே அந்த மாதங்களில் ஒருவர் 30 என்று எழுதியிருந்தால், உண்மையில் புறப்பட்டது அதைவிட அதிகமாக இருக்கலாம். வரிகளை எண்ணிப் பார்த்து இரண்டு கணக்கையும் தனித்தனியாகக் குறித்துவையுங்கள்.

இப்போது ஸ்க்வாட்ரன் பதிவேடு. லண்டனுக்கு அருகே கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘ஏர் 27’ என்ற தொகுப்பில் இவை இருக்கின்றன. பெரும்பாலானவற்றைக் கட்டணம் செலுத்தி இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு மாதத்துக்கும் இரண்டு பகுதிகள். படிவம் 540 நாள் வாரியான சுருக்கம்: வானிலை, மாற்றலாகி வந்தவர்கள், போனவர்கள், விருந்து, இழப்பு. படிவம் 541 தான் உங்களுக்கு முக்கியம். ஒவ்வொரு விமானத்துக்கும் எண், ஏழு பேரின் பெயர்கள், கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், பெரும்பாலும் குண்டுச் சுமை, வந்தபின் குழு சொன்ன இரண்டு மூன்று வரி அறிக்கை எல்லாம் அதில் இருக்கும். எந்த உயரத்தில், எந்த நிற விளக்கைக் குறிவைத்துப் போட்டார்கள், மேகம் எவ்வளவு, எதிரி விமானம் தாக்கியதா என்பதெல்லாம் அங்கேதான். லாக் புத்தகத்தில் ‘ஆப்ஸ் பெர்லின்’ என்ற இரண்டு சொல்லும் ஏழு மணி நேரமும் இருந்த இடத்தில், இந்தப் படிவம் ஓர் இரவையே திறந்து காட்டும். எதிரி விமானத்தோடு சண்டை நடந்திருந்தால் ‘ஏர் 50’ தொகுப்பில் தனி அறிக்கை இருக்க வாய்ப்புண்டு. பயிற்சிப் பிரிவுகளின் பதிவேடுகள் ‘ஏர் 29’இல், விமானதளங்களுடையவை ‘ஏர் 28’இல். பயிற்சிப் பிரிவுகளின் பதிவேட்டில் தனிமனிதர் பெயர் அரிதாகவே வரும். அங்கே அதிகப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

இரண்டையும் ஒப்பிடும்போது பொருந்தாமை வந்தே தீரும். பதிவேட்டைத் தட்டச்சு செய்தவர் விமானி இல்லை, அலுவலக எழுத்தர். பெயரில் ஓர் எழுத்து மாறும், விமான எண்ணில் இரண்டு இலக்கம் இடம் மாறும். லாக் புத்தகமும் தவறாதது இல்லை; பலர் ஒரு வாரத்து வரிகளை மொத்தமாக உட்கார்ந்து எழுதினார்கள். நேரத்தில் ஐந்து பத்து நிமிட வித்தியாசத்தை விட்டுவிடலாம். விமான எண் மாறினால் அந்த எண்ணுள்ள விமானம் அன்றைக்கு உயிரோடு இருந்ததா, எந்த ஸ்க்வாட்ரனில் இருந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் பிழை எந்தப் பக்கம் என்று அங்கேயே தெரிந்துவிடும். பலர் எண்ணை விட்டுவிட்டு ‘ஜி’, ‘எஸ்’ என்று விமானத்தின் அடையாள எழுத்தை மட்டும் எழுதியிருப்பார்கள். ஒரு விமானம் விழுந்துவிட்டால் அதே எழுத்து அடுத்து வந்த விமானத்துக்குப் போகும். ஆகவே ஜனவரியின் ‘ஜி’யும் மார்ச்சின் ‘ஜி’யும் ஒரே விமானம் என்று எண்ணிவிடக் கூடாது. தேதியும் குழப்பும். தாக்குதல் இரண்டு தேதிகளில் விரிகிறது. லாக் புத்தகத்தில் கிளம்பிய தேதி, கல்லறையில் பெரும்பாலும் அடுத்த நாள். 1944 மார்ச் 30/31 நியூரம்பர்க் இரவில் 795 விமானங்கள் போய் 95 திரும்பவில்லை. அன்று இறந்தவர்களை மார்ச் 30 என்று மட்டும் தேடினால் பாதிப் பேர் கிடைக்கமாட்டார்கள்.

படத்திலிருக்கும் மற்ற ஆறு பேரை இந்தக் கட்டத்தில் தேடத் தொடங்குங்கள். லங்காஸ்டரில் ஒரே விமானிதான். ஆனால் அவரை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தது நாவிகேட்டரின் கணக்கும், இருட்டில் முதலில் நிழலைப் பார்த்துக் கத்திய துப்பாக்கி வீரரின் கண்ணும், எரிபொருளைத் தொட்டி மாற்றி மாற்றிச் சமன்செய்த இன்ஜினியரும்தான். அவர்களுடைய பிள்ளைகளிடம் உங்களிடம் இல்லாத கடிதமோ படமோ இருக்கலாம். உங்கள் லாக் புத்தகம் அவர்களுக்குத் தேவைப்படும். விமானியின் பெயர்தான் பதிவேட்டில் குழுவின் அடையாளம் என்பதால், துப்பாக்கி வீரரின் மகள் தேடினாலும் வந்து சேரும் இடம் உங்கள் அப்பாவின் பெயர்தான். குழுப் பட்டியலில் திடீரென ஒரு பெயர் மாறினால் காரணம் தேடுங்கள். காயமா, நோயா, பறக்க மறுத்தாரா? பறக்க மாட்டேன் என்றவர்களின் பதிவில் ‘மன உறுதிக் குறைவு’ என்று முத்திரை குத்தி, சிறகைப் பறித்து அனுப்பிய கொடுமை நடந்தது. அப்படி ஒருவர் உங்கள் அப்பாவின் குழுவில் இருந்திருந்தால் அவரையும் மற்றவர்களோடு சேர்த்தே எழுதுங்கள். 20 முறை போய்விட்டு 21ஆம் முறை முடியாமல் நின்றவரைக் கோழை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இந்தக் குழுக்கள் வாழ்ந்த கணக்கு இது: பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். 9,838 பேர் போர்க்கைதிகளானார்கள். ஒவ்வொரு தாக்குதலிலும் நூற்றுக்கு நான்கு விமானம் திரும்பாத மாதங்களில், 30 முறையும் திரும்பிவர வாய்ப்பு நூற்றுக்கு முப்பதுக்கும் கீழே. அவர்கள் எல்லோரும் தாமாக முன்வந்து பறந்தவர்கள். பெரும்பாலோர் இருபதை ஒட்டிய வயதினர்.

கீழே இருந்தவர்களின் கணக்கையும் அதே புத்தகத்தில் எழுத வேண்டும். பிள்ளைகள் தயங்குகிற இடம் இதுதான், ஆனால் தாண்டிப் போக முடியாத இடமும் இதுதான். லாக் புத்தகத்தில் 1943 ஜூலை கடைசி வாரத்தில் ‘ஹாம்பர்க்’ என்று இருந்தால், 27/28 இரவா என்று பாருங்கள். ரேடாரை ஏமாற்ற வெள்ளித்தாள் கீற்றுகளை முதன்முதலாகக் கொட்டியது அதற்கு மூன்று இரவுக்கு முன். 27/28 இரவில்தான் நெருப்புப் புயல் எழுந்தது. அந்த வாரத் தாக்குதல்களில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1945 பிப்ரவரி 13/14 டிரெஸ்டன் என்றால் இறந்தவர்கள் 25,000 வரை என்று அந்நகரம் அமைத்த வரலாற்றாசிரியர் குழு 2010இல் முடிவு சொன்னது. இலட்சக்கணக்கில் சொல்லப்படும் எண்கள் நாஜிப் பிரச்சாரத்திலிருந்து வந்தவை, அவற்றை எடுத்தாளாதீர்கள். ஜெர்மனியின் ரூர் தொழில் மண்டல நகரங்களில் இறந்தவர்களில் ஜெர்மானியர் பிடித்துவந்து வேலை வாங்கிய வெளிநாட்டுத் தொழிலாளர்களும் இருந்தார்கள். ஜெர்மன் நகர ஆவணக் காப்பகங்கள் இதைப் பற்றிக் கேட்கும் பிரிட்டிஷ் குடும்பங்களுக்குப் பொறுமையாகவே பதில் தருகின்றன. அப்பாவின் துணிவும் கீழே எரிந்த தெருவும் ஒரே இரவில் நடந்தவை. ஒன்றை எழுதி மற்றதை மறைத்தால் அவர் ஏன் மௌனமாக இருந்தார் என்பதற்கான விடையையும் சேர்த்தே மறைத்துவிடுவீர்கள். அந்த மௌனத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1945 மே மாத வெற்றி உரையில் சர்ச்சில் குண்டுவீச்சுப் படையின் தாக்குதல்களைப் பற்றி எதுவும் சொல்லாமல் கடந்தார். அவர்களுக்கென்று தனிப் பதக்கமும் தரப்படவில்லை. லண்டன் கிரீன் பூங்காவில் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டது 2012 ஜூன் 28 அன்றுதான். அதற்குள் பெரும்பாலான விமானிகள் போய்விட்டிருந்தார்கள்.

நான்கு பதக்கங்களுக்கு வருவோம். பிரிட்டன் இந்தப் போருக்குக் கொடுத்த நட்சத்திரப் பதக்கங்களில் பெயர் பொறிக்கவில்லை. எனவே பெயரில்லாததால் அவை அப்பாவுடையவை இல்லை என்றும் சொல்ல முடியாது. அவருடையவைதான் என்பதற்குச் சான்றும் ஆகா. ஆனால் எவை இருக்கின்றன என்பது காலத்தைச் சொல்லும். ‘ஏர்க்ரூ ஐரோப்பா நட்சத்திரம்’ இருந்தால் 1944 ஜூன் 5க்கு முன்பே இரண்டு மாதமாவது செயற்பாட்டில் இருந்திருக்கிறார். ‘ஃபிரான்ஸ்–ஜெர்மனி நட்சத்திரம்’ மட்டும் என்றால் அதற்குப் பின். இரண்டும் ஒருவருக்குச் சேர்ந்து தரப்படமாட்டா. இரண்டாவதாகத் தகுதி பெற்றது, முதல் பதக்கத்தின் நாடாவில் ஒரு சிறு உலோகப் பட்டையாக வரும். வீரப் பதக்கங்களில் டி.எஃப்.எம். கீழ்நிலை வீரர்களுக்கு, அதன் விளிம்பில் பெயரும் எண்ணும் இருக்கும். டி.எஃப்.சி. அதிகாரிகளுக்கும் வாரண்ட் ஆபீசர்களுக்கும், பின்பக்கம் ஆண்டு மட்டும். இவை லண்டன் கெஜட் என்ற அரசிதழில் அறிவிக்கப்பட்டவை. அதை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். 2013இல் வந்த ‘பாம்பர் கமாண்ட்’ (குண்டுவீச்சுப் படை) உலோகப் பட்டை 1939–45 நட்சத்திரத்தின் நாடாவில் பொருத்துவது. அறுபது நாள் அல்லது ஒரு சுற்று, குறைந்தது ஒரு தாக்குதல் என்பது தகுதி. இறந்தவர் சார்பில் நெருங்கிய உறவினர் பாதுகாப்பு அமைச்சகப் பதக்க அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கலாம். பதக்கங்களைப் பளபளப்பாக்கத் தேய்க்காதீர்கள்.

பணிப் பதிவை வாங்குவதற்கு முழுப்பெயர், பிறந்த தேதி, பணி எண், இறப்புச் சான்றிதழ் வேண்டும். இந்தப் பதிவுகள் பாதுகாப்பு அமைச்சகத்திடமிருந்து தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கட்டம் கட்டமாக மாறிவருவதால், விண்ணப்பிக்குமுன் அரசு இணையதளத்தில் அன்றைய விதியைப் பாருங்கள். வழக்கமாக நடக்கும் ஒரு தவறு: சார்ஜென்டாகச் சேர்ந்து பிறகு அதிகாரி ஆனவருக்கு இரண்டு பணி எண்கள் உண்டு. ஓர் எண்ணை மட்டும் கொடுத்தால் பாதிப் பதிவு கையில் வந்து, நடுவில் ஒன்றரை வருடம் அவர் எங்கோ காணாமல் போனதுபோலத் தோன்றும். கெஜட்டில் அவர் அதிகாரியான அறிவிப்பில் இரண்டு எண்களும் சேர்ந்தே இருப்பது வழக்கம். வந்து சேரும் பதிவு பெரும்பாலும் பிரிவு எண்களும் தேதிகளும் நிறைந்த ஒன்றிரண்டு தாள்தான், ஏமாற வேண்டாம். லாக் புத்தகமே இல்லாத குடும்பங்களுக்கு அந்தத் தாள்தான் தொடக்கம். உரிமை கோராமல் கிடந்த ஏராளமான லாக் புத்தகங்களை விமான அமைச்சகம் 1960 வாக்கில் அழித்துவிட்டது. ஸ்க்வாட்ரன் எண்ணும் தேதிகளும் தெரிந்தால், அந்த மாதங்களின் படிவம் 541ஐ வரிசையாகப் படித்து இழந்த லாக் புத்தகத்தின் தாக்குதல் பக்கங்களை நீங்களே எழுதிவிடலாம்.

தந்தை திரும்பாதவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தொடங்குங்கள். கல்லறை இல்லாதவர்களில் பிரிட்டனிலிருந்தும் வடமேற்கு ஐரோப்பாவிலிருந்தும் பறந்த 20,000க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் ரன்னிமீட் நினைவிடத்தில் ஆண்டு வாரியாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. விபத்துக் கோப்புகள் ‘ஏர் 81’இல் ஆண்டு ஆண்டாக வெளிவருகின்றன, உறவினர் எழுதிய கடிதங்கள்கூட அவற்றில் இருக்கும் என்பதால் தனியே உட்கார்ந்து திறப்பது நல்லது. கைதியாக இருந்து மீண்டவர் என்றால் ‘டபிள்யூ.ஓ. 344’இல் விடுதலைக்குப் பிறகு அவர் கையால் நிரப்பிய கேள்வித்தாள் கிடைக்கலாம்.

ஆஸ்திரேலியர் என்றால் அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகம், கனடியர் என்றால் கனடா நூலக–ஆவணக் காப்பகம். ஆனால் அவர் பறந்தது பிரிட்டிஷ் ஸ்க்வாட்ரனில் என்றால் தாக்குதல் விவரம் கியூவிலேயே இருக்கும். கிழக்கே பணியாற்றியவர்களைத் தேடுவோரும் கியூவுக்குத்தான் வர வேண்டும். 1944 ஆகஸ்ட் முதல் சில மாதங்கள் 160ஆம் ஸ்க்வாட்ரனின் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் காங்கேசன்துறையிலிருந்துதான் பறந்தன. 1942 ஏப்ரல் 9 அன்று கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலிலிருந்து கிளம்பிய 11ஆம் ஸ்க்வாட்ரனின் பிளென்ஹெய்ம் குண்டுவீச்சு விமானங்கள் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களைத் தாக்கி, தாக்குதலில் ஈடுபட்ட ஒன்பதில் பாதிக்கு மேல் இழந்தன. கல்லறை இல்லாத இவ்வகை விமானிகளின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவிடத்தில் இருக்கின்றன. ஐரோப்பாவில் பாத்ஃபைண்டராகப் பறந்த 35ஆம் ஸ்க்வாட்ரனின் முழுப்பெயரிலேயே ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ உண்டு என்பதைத் தமிழ் வாசகர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

பிள்ளைகள் போய்ப் பார்க்க வேண்டிய இடங்களில் முதலாவது லிங்கன் நகருக்கு மேலேயுள்ள சர்வதேச பாம்பர் கமாண்ட் மையம். அங்கே 57,000க்கும் மேற்பட்ட பெயர்கள் சுவர்களில் இருக்கின்றன. நடுவே நிற்கும் உலோகக் கோபுரத்தின் உயரம் லங்காஸ்டரின் சிறகு நீளமான 102 அடி. அதன் இழப்புத் தரவுத்தளத்தை வீட்டிலிருந்தே இலவசமாகத் தேடலாம். லங்காஸ்டர் எஞ்சின்கள் நான்கும் ஓடும் ஓசையைக் கேட்க விரும்பினால் ஈஸ்ட் கர்க்பியில் தரையில் ஓடும் ‘ஜஸ்ட் ஜேன்’ இருக்கிறது. உலகில் இன்று பறக்கும் நிலையில் பராமரிக்கப்படுபவை இரண்டே: இங்கிலாந்தின் கோனிங்ஸ்பியில் ஒன்று, கனடாவின் ஹாமில்டனில் ஒன்று.

கடைசியாக, கையில் இருப்பதைக் காப்பாற்றுவது. லாக் புத்தகத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், பக்கங்களை லாமினேட் செய்யாதீர்கள், துருப்பிடித்த குண்டூசிகளை மெதுவாக எடுத்துவிடுங்கள். வெயில் படும் சுவரில் மாட்டினால் சிவப்பு மைதான் முதலில் வெளுக்கும். சட்டகத்தில் போட வேண்டுமென்றால் நகலைப் போடுங்கள். பக்கங்களை 300 டி.பி.ஐ.க்குக் குறையாமல் வண்ணத்தில் ஸ்கேன் செய்யுங்கள். படங்களை 600இல், பின்பக்கத்தையும் சேர்த்து. பின்னால் பென்சிலில் எழுதிய ஒரு புனைபெயர் ஒரு மனிதரை அடையாளம் காட்டிவிடும். இடையில் செருகியிருக்கும் இலக்குப் படங்களைத் தனியே கவனியுங்கள். குண்டு போட்ட பிறகும் அரை நிமிடம் போல விமானத்தை நேராக, அசையாமல் பிடித்திருந்தால்தான் ஒளிக்குண்டு வெடித்து அந்தப் படம் விழும். அதன் ஓரத்தில் அச்சிட்ட வரியில் தேதி, உயரம், திசை, நேரம், இலக்கு, விமானியின் பெயர் எல்லாம் இருக்கும். ஓரத்தை வெட்டிவிட்டால் அது வெறும் மங்கலான புகைப்படம். லிங்கன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இயங்கும் பாம்பர் கமாண்ட் மையத்தின் எண்ணியல் காப்பகம் இத்தகைய ஆவணங்களை வாங்கி ஸ்கேன் செய்து, அசலைக் குடும்பத்துக்கே திருப்பித் தருகிறது. கொடுக்கும்போது உங்கள் ஒப்பீட்டுக் குறிப்புகளையும் சேர்த்துக் கொடுங்கள்: லாக் புத்தகம் சொல்வது ஒரு பத்தியில், பதிவேடு சொல்வது அடுத்த பத்தியில், பொருந்தாதவை மூன்றாவதில், பக்கத்திலேயே ஆவண எண்.